இணங்க மறுக்கும் சிப்: நுண்கட்டுப்படுத்தியில் பிழை தேடும் ஒழுங்கு

விரலளவே உள்ள ஒரு சிப்புக்குள் செய்நிரலை ஏற்றி, விளக்கை எரியச் செய்யவும், மண்ணின் ஈரத்தை அளக்கவும், நீர்ப்பம்பியை இயக்கவும் பழகுவது, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை முதல் திருக்கோவில் வரையுள்ள ஊர்களின் மாணவர்களுக்கு இன்று எட்டாத கலை அன்று. க.பொ.த. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு தொழினுட்பவியல் துறை அறிமுகமானதும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் உருவானதும் இத்தகைய பயிற்சிக்கு இப்பிரதேசத்திலேயே இடமளித்துள்ளன. ஆயினும், தானே கற்க முனையும் ஒருவரின் மனம் தளரும் இடம் பெரும்பாலும் செய்நிரல் எழுதும் கட்டத்துக்கு அப்பால், எழுதியதைச் சிப் ஏற்க மறுக்கும் கட்டத்திலேயே வருகிறது. சிப் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி அதை எறிந்துவிடும் முன், தவறு எங்கே இருக்கக்கூடும் என்பதை ஒழுங்காகத் தேடும் முறையை அறிவது அவசியம்.

கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு இணையும் முனைகள் ஆகிய மூன்றையும் ஒரே சிப்பில் கொண்ட சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி எனப்படுகிறது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், இலத்திரனியல் பின்னணி இல்லாத வடிவமைப்பு மாணவர்களையும் மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ பலகை, இத்துறையை உலகெங்கும் பொழுதுபோக்காளர்களிடம் கொண்டுசேர்த்தது. அதன் ஊனோ வகைப் பலகையின் மையத்திலுள்ள ஏட்மெகா 328பி என்னும் சிப்பில், மின்சாரம் நின்றாலும் அழியாத பிளாஷ் நினைவகம் 32 கிலோபைட்டும், செய்நிரல் ஓடும்போது மட்டும் பயன்படும் ரம் நினைவகம் 2 கிலோபைட்டும் உள்ளன.

கணினியில் எழுதப்படும் செய்நிரல் இந்தச் சிப்பை அடைவதற்குப் பல படிகளைக் கடக்கிறது. முதலில் தொகுப்பான் என்னும் மென்பொருள் அதை இயந்திர மொழியாக மாற்றுகிறது, அது யூ.எஸ்.பி. கேபிள் வழியாகப் பலகைக்குச் செல்கிறது. அங்குள்ள துணைச் சிப் ஒன்று யூ.எஸ்.பி. சமிக்ஞையைத் தொடர் சமிக்ஞையாக மாற்றுகிறது. இறுதியாக, பிரதான சிப்பில் முன்கூட்டியே பதிந்திருக்கும் பூட்லோடர் என்னும் சிறு செய்நிரல் அதை வாங்கி நினைவகத்தில் எழுதுகிறது. சாகாமக் குளத்து நீர் கடைசி வயலுக்கு வந்து சேராதபோது, விதைத்த நெல்லைக் குறைகூறாமல் மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து அடைப்பைத் தேடும் விவசாயியின் முறையே இங்கும் பொருந்தும். பாதையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகச் சோதித்துக்கொண்டு வருபவருக்குத் தவறு தப்புவதில்லை.

திரையில் தோன்றும் செய்தி எந்தப் படியைச் சேர்ந்தது என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. தொகுப்பான் கூறும் பிழை பெரும்பாலும் எழுத்துப் பிழையாகவோ விடுபட்ட அடைப்புக்குறியாகவோ இருக்கும்; அதற்குப் பலகையோ கேபிளோ காரணமாக முடியாது. தொகுப்பு முடிந்த பின்னர் ஏற்றும்போது பிழை தோன்றினால், செய்நிரலைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பாகும்.

பலகையை இணைத்ததும் கணினியின் சாதனப் பட்டியலில் புதிய இணைப்பு வாயில் தோன்றாவிட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளையே. கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் தரவைக் கடத்தும் இரு கம்பிகளும் இருப்பதில்லை. ஆகவே பலகையின் விளக்கு எரிந்தாலும் கணினிக்கு அது புலப்படாது. கேபிள் நல்லதென உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் ஆகும். ஆர்டுயினோவின் வடிவமைப்பு யாவருக்கும் திறந்துவிடப்பட்டதால் மலிவான பிரதிப் பலகைகள் சந்தையில் பெருகின. அவற்றுள் பலவற்றில் சீனத் தயாரிப்பான சிஎச்340 என்னும் துணைச் சிப் பொருத்தப்பட்டிருப்பதால், சில கணினிகளில் அதற்குரிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

இணைப்பு வாயில் தோன்றியும், பலகை ஒத்திசையவில்லை என்ற பொருளில் 'நொட் இன் சிங்க்' என்ற செய்தி வந்தால், கணினி அழைத்தும் பூட்லோடர் பதிலளிக்கவில்லை என்பது பொருள். செய்நிரலை ஏற்றும் மென்பொருளில் தவறான பலகையோ தவறான வாயிலோ தெரிவுசெய்யப்பட்டிருப்பது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணமாகும். நனோ வகைப் பலகைகளுள் பழையவை விநாடிக்கு 57,600 பிட் வேகத்திலும், புதியவை 115,200 பிட் வேகத்திலும் பேசுவதால், பூட்லோடர் வகையை மாற்றித் தெரிவுசெய்தாலே சில சமயங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். மேலும், 0, 1 ஆகிய முனைகள் செய்நிரலை ஏற்றுவதற்கும் பயன்படுவதால், அவற்றில் புளூடூத் போன்ற கருவி இணைந்திருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். இவற்றாலும் பயனில்லையெனில், ரீசெட் முனையைப் புவிமுனையோடும், 0ஆம் முனையை 1ஆம் முனையோடும் தனித்தனி வயர்களால் இணைத்து, அம்மென்பொருளின் தொடர் திரையில் சில எழுத்துகளைத் தட்டி அனுப்பிப் பார்க்கலாம். அவ்வெழுத்துகள் அப்படியே திரும்பி வந்தால், கேபிளும் டிரைவரும் துணைச் சிப்பும் நலமாக உள்ளன என்பதும், தவறு பிரதான சிப்பின் பக்கமே என்பதும் தெளிவாகும்.

பலகையின்றித் தனிச் சிப்பை வாங்கிப் பயன்படுத்துவோர், புரோகிராமர் என்னும் கருவியின் ஆறு கம்பிகளை அதனோடு இணைத்துச் செய்நிரலை ஏற்றுகின்றனர். அக்கருவி முதலில் சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கிறது. 328பி சிப்பின் விடை 1ஈ 95 0எஃப் என்பதாகும். விடை முழுவதும் பூச்சியமாக வந்தால் கம்பித் தொடர்பு, மின்வழங்கல், கடிகாரத் துடிப்பு ஆகியவற்றுள் ஒன்று தவறியிருக்கலாம்; ஈற்றெண் மட்டும் 14 என வந்தால், கையிலிருப்பது 'பி' என்னும் எழுத்தில்லாத 328 சிப், அதாவது மென்பொருளில் உள்ள சிப் தெரிவே மாற்றப்பட வேண்டும். 28 கால்களைக் கொண்ட இச்சிப்பில் 7, 20 ஆகிய இரு கால்களுக்கும் மின்சாரமும், 8, 22 ஆகிய இரு கால்களுக்கும் புவியிணைப்பும் கொடுத்து, மின்வழங்கலின் சிறு தளம்பல்களை உறிஞ்சும் 100 நனோபரட் கொள்ளளவி ஒன்றைச் சிப்புக்கு மிக அருகில் பொருத்துவது நன்று. புதிய சிப் விநாடிக்கு 10 இலட்சம் துடிப்பு என்ற வேகத்தில் ஓடுமாறு அமைக்கப்பட்டே வருவதாலும், புரோகிராமரின் வேகம் சிப்பின் வேகத்தில் நாலிலொரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டியதாலும், புரோகிராமரை மெதுவாக்கியதும் 'இறந்த' சிப் பதிலளிப்பது உண்டு.

அதிக அச்சத்தைத் தருவது பியூஸ் பிட் எனப்படும் அமைப்புக் குறிகளின் தவறாகும். கடிகாரத் துடிப்பு எங்கிருந்து வர வேண்டும், ரீசெட் கால் எப்படிச் செயற்பட வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிக்கும் இக்குறிகளில், துடிப்பைத் தரும் வெளிப் பளிங்கைத் தெரிவுசெய்துவிட்டு அதைப் பொருத்தாமல் விட்டால், துடிப்பில்லாத சிப் எந்த அழைப்புக்கும் பதில் தராது. 9, 10 ஆகிய கால்களில் 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கையும், ஒவ்வொரு காலிலிருந்தும் புவிக்கு 22 பிக்கோபரட் கொள்ளளவியையும் இணைத்தால் சிப் மீண்டும் இயங்கும். ரீசெட் காலின் வேலையே நிறுத்தப்பட்டிருந்தால், அக்காலுக்கு 12 வோல்ற்று கொடுத்து எழுதும் உயர் வோல்ற்றளவுப் புரோகிராமர் தேவைப்படும். எனவே, பியூஸ் பிட்டை மாற்றும் முன் இருக்கும் பெறுமானத்தை வாசித்துக் குறித்துவைப்பது கட்டாயமான ஒழுக்கமாகும்.

கரையோர ஊர்களில் இன்னொரு காரணத்தையும் மறக்கலாகாது. உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகத் தொடுகைகளை அரிப்பதால், பிரெட்போர்ட் எனப்படும் துளைப்பலகையிலும் வயர் முனைகளிலும் தொடர்பு விட்டுவிட்டு ஏற்படலாம். நேற்று இயங்கிய சுற்று இன்று இயங்காவிட்டால், பல்மானியால் ஒவ்வொரு தொடர்பையும் அளந்து பார்ப்பதும், பாவிக்காத வேளையில் பாகங்களைக் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதும் பலனளிக்கும்.

இம்முறைகள் அனைத்துக்கும் அடிப்படையான விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதாகும். கேபிள், பலகை, செய்நிரல் மூன்றையும் ஒருங்கே மாற்றியவருக்குச் சிக்கல் தீர்ந்தாலும், அது எதனால் தீர்ந்தது என்ற அறிவு கிட்டாது. பாடசாலைகளின் தொழினுட்ப ஆய்வுகூடங்கள், நன்கு இயங்குவதாக உறுதிசெய்யப்பட்ட ஒரு பலகையையும் ஒரு கேபிளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பிழையையும் அதன் தீர்வையும் ஒரு கொப்பியில் மாணவரே எழுதிவருமாறு செய்தல் வேண்டும். அத்தகைய கொப்பி, அடுத்த ஆண்டு மாணவருக்கு விலையுயர்ந்த எந்தக் கருவியைக் காட்டிலும் பெரிதும் உதவும்.