கட்டை எந்தப் பக்கம்? 1/35 அளவில் ஒரு கல்வராயன் வளைவு

இந்த வருடம் பொங்கல் லீவுக்குக் கள்ளக்குறிச்சி போனபோது ஆரம்பித்த வேலை, ஆடி மாதத்தில்தான் முடிந்தது. ஒரு லாரி, ஒரு மலை வளைவு, இரண்டு மனிதர்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மேசைக்குள் அடங்கிவிடும். பார்க்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. "எங்க வாங்கின?", "இதுக்கா ஆறு மாசம்?"

வாங்கவில்லை, செய்தேன். ஆறு மாதத்தில் பாதி, தப்பாகச் செய்ததைப் பிரித்து எடுப்பதிலேயே போனது. அந்தத் தப்பு எங்கே வந்தது, எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு. போகிற போக்கில் சிற்றளவு வண்டிகளும் நிலக்காட்சிகளும் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதற்கு இந்த லாரி

அப்பா 80களில் லாரி ஓட்டினார். கல்வராயன் மலைமேல் மரவள்ளி ஏற்றி, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாக ஆத்தூர் பக்கத்துச் சேகோ மில்களுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. வீட்டில் அந்த நாட்களின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் லாரியின் முகம் பாதிதான் தெரியும். அவரும் பழங்கதை பேசுகிற ஆள் இல்லை. "ஓட்டினோம், சம்பாதிச்சோம், முடிஞ்சுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த லாரியைச் செய்து வைக்கலாம் என்று தோன்றியது. வெறும் வண்டியாக அல்ல, அது நின்ற இடத்தோடு. இப்படி ஒரு பொருளை அதன் சூழலோடு சேர்த்து ஒரு கதையாக அமைப்பதைத்தான் டியோரமா என்கிறார்கள். 1822இல் லூயி டாகேர் பாரிசில் நடத்திய காட்சிக்கூடத்துக்கு வைத்த பெயர் அது. பெரிய திரையில் வரைந்த காட்சி மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றி விட்டுக் காலையையும் மாலையையும் காட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தாலும் சங்கதி நமக்குப் புதிதல்ல. கொலுப்படிக்குக் கீழே மண்ணைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி ஆக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்த வீடு எதுவும் டியோரமா செய்த வீடுதான்.

அளவு என்றால் என்ன

1/35 என்றால் நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஆகும். இதில் புழங்கும் எண்கள் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்செயல் காரணம் இருக்கிறது. 1/72 பிரிட்டிஷ் கணக்கு: ஆறடிக்கு ஓர் அங்குலம். ரயில்காரர்களின் 1/87, ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். 1/35 வந்த கதைதான் வேடிக்கை. ஜப்பானின் டமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு பாந்தர் டாங்கி பொம்மை செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கவேண்டும் என்று பார்த்து அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1/35 வந்தது. அதுவே ராணுவ மாதிரிகளுக்கு உலக வழக்கம் ஆகிவிட்டது.

எங்கள் ஊரிலேயே இதைவிடப் பழைய அளவுமுறை ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். சிற்ப மரபில் முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம். சிலை ஓர் அடியோ ஆறடியோ, முகத்தை முடிவு செய்துவிட்டால் கை, கால், இடுப்பு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடும். அதாவது எல்லா உறுப்பையும் ஆளுகிற ஓர் அளவை முதலில் பிடிக்கவேண்டும். என் வேலையில் அந்த முதல் அளவு எது என்பதில்தான் சறுக்கினேன்.

சாலையால் வந்த சிக்கல்

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி திரும்புகிற காட்சி என்று முடிவு செய்திருந்தேன். அப்பா சொன்ன பாதையில் காரில் ஏறிப் பார்த்தேன். சாலை இப்போது அகலப்படுத்தப்பட்டு நன்றாக இருக்கிறது. சரி, விதிப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம் என்று, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் மலைச்சாலைகளுக்குச் சொல்லும் எண்ணைப் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர்.

14 மீட்டரை 35ஆல் வகுத்தால் 40 செ.மீ. சாலை அகலம் 7 மீட்டர் என்றால் இன்னொரு 20. ஆக வெளி ஆரம் 60 செ.மீ. அரைவட்டம் திரும்ப 120 செ.மீ. அகலப் பலகை வேண்டும். என் மேசை அகலமோ 75. வேறு வழியில்லாமல் 1/72க்கு இறங்கினேன். அதே வளைவு 58 செ.மீ.யில் அடங்கியது. ஆனால் லாரி டயர் 14 மி.மீ. ஆகிவிட்டது, சட்டைப் பொத்தான் மாதிரி.

மூன்று மாதம் கழித்து மலையும் சாலையும் ஒரு வடிவத்துக்கு வந்ததும், அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் ஓட்டின வளைவு இல்லடா. இதுல கண்ண மூடிக்கிட்டுத் திருப்பலாமே. அங்க ஒரே ஒடியில திரும்பவே திரும்பாது. நிறுத்தி, கட்டை போட்டு, ரிவர்ஸ் எடுத்து, அப்புறம்தான் திரும்பும்."

நாற்பது வருடத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு ரிவர்ஸ் சொல்லும் கணக்கு

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா ஓட்டியது டாடா 1210. டாடா, 1954இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கிய வரிசையில் வந்த வண்டி. 1969இல் கூட்டு முடிந்து பெயர் மாறிய பிறகும் எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் "பென்ஸ் வண்டி" என்றுதான் சொன்னார்கள்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், சுமார் 4.2 மீட்டர் என்று வைத்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வெளிப்பக்க முன்சக்கரம் 30 டிகிரி திரும்பும் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம், வீல்பேஸை அந்தக் கோணத்தின் சைனால் வகுத்தால் வரும். 4.2 ÷ 0.5 = 8.4 மீட்டர். பம்பர் சக்கரத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டியின் வெளி மூலை சுமார் 9 மீட்டர் ஆரத்தில் சுற்றும்.

ஆக, இந்த வண்டி ஒரே ஒடியில் திரும்பவில்லை என்றால், வளைவின் வெளி விளிம்பு ஏறத்தாழ 9 மீட்டருக்கு உள்ளேதான் இருந்திருக்கவேண்டும். நான் போட்டிருந்ததோ 21 மீட்டர். அப்பா சொன்னது சரி. என் வளைவில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பலாம்.

இப்போது 9 மீட்டரை 35ஆல் வகுத்துப் பாருங்கள். 26 செ.மீ. முழு வளைவும் 52 செ.மீ. மேசையில் தாராளமாக இடம். இடம் போதாது என்று நான் கைவிட்ட 1/35, அந்தப் பழைய வளைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இன்றைய விதியின் எண்ணைப் பழைய சாலைக்குப் போட்டதுதான் தப்பு. அந்த வளைவின் அளவு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது. "ஒரே ஒடியில் திரும்பாது" என்ற ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

மூன்று மாத வேலையைப் பிரித்துப் போட்டேன்.

மறுபடி கட்டியது

நம் ஊர் லாரிக்கு 1/35இல் கடையில் கிட் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பாதிதான் உதவும். கம்பெனியிலிருந்து சேசிஸ்தான் வரும். பாடி கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில். ஒரு வண்டி மாதிரி இன்னொன்று இருக்காது. அதனால் 3 மி.மீ. ஃபோம் ஷீட்டில் கேபினும் சேசிஸும், ஐஸ் குச்சியைப் பிளந்து பலகைப் பாடியும் செய்தேன். ஆறு அங்குலப் பலகை இந்த அளவில் 4 மி.மீ. சொச்சம்.

டயருக்கு ஒரு சுலப வழி கிடைத்தது. 9.00-20 லாரி டயரின் விட்டம் சுமார் 1.02 மீட்டர். 35ஆல் வகுத்தால் 29 மி.மீ. தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 30 மி.மீ. விளிம்பில் இருக்கும் வரிகள் டயர் பட்டன் மாதிரியே தெரியும். உயரத்தை 7 மி.மீ.க்கு அறுத்தால் டயரின் அகலம் வந்துவிடும். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஸ்டெப்னி ஒன்று. மொத்தம் ஏழு மூடி.

மலைக்குத் தெர்மகோல் அடுக்கி, கத்தியால் செதுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டரை ஊற்றிக் காயவைத்து எடுத்தால் பாறை முகம் கிடைக்கும். பாறைக்கு எல்லோரும் சாம்பல் அடிப்பார்கள். கல்வராயனில் இருப்பது பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர். புதிதாக உடைத்த முகம் கருநீலச் சாம்பல், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பு. சாலைக்காக வெட்டிய பக்கத்துக்கு முதல் நிறம், மேலே தொடாத பாறைக்கு இரண்டாவது. இந்த ஒரு வித்தியாசத்தாலேயே மலை நம்பும்படி ஆகிவிட்டது.

மண், மலையடிவாரத்திலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தேன். நிஜ மண்ணை அப்படியே கொட்டக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் மணல், இந்த அளவில் 35 மி.மீ. ஜல்லி. டீ வடிகட்டியில் சலித்து, பிறகு பழைய வேட்டித் துணியில் சலித்து, அந்தப் பொடியைத்தான் தூவவேண்டும். மேலே தண்ணீர் கலந்த ஃபெவிகால். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் உருண்டு ஓடாமல் உள்ளே இறங்கும். புல்லுக்குத் தேங்காய் நார், மரத்துக்குக் காய்ந்த துளசிக் கிளை. பெயின்டில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். சின்னப் பொருளில் நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் இருட்டாகத் தெரியும்.

கட்டை

கடைசியாக மனிதர்கள். ஸ்டியரிங்கில் டிரைவர், கீழே கட்டையோடு கிளீனர். 47 மி.மீ. உயர மனிதர், 6 மி.மீ. கட்டை. லாரி பின்னால் போகப்போகிறது, ஆகவே பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்து ஒட்டினேன்.

அப்பா பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"லோடு வண்டி மலை இறங்குதுடா. மூஞ்சி பள்ளத்தப் பாத்து நிக்குது. பிரேக்கில இருந்து கால எடுத்தா எந்தப் பக்கம் உருளும்?"

முன்பக்கம். ரிவர்ஸ் கியர் பிடிப்பதற்குள் வண்டி முன்னால்தான் நழுவும், அங்கே விளிம்பு. கட்டை சக்கரத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் வைத்தால் ரிவர்ஸும் போகாது, ஆபத்தையும் தடுக்காது. இயந்திரவியல் பாடம் படித்துத் தேறிய பி.இ. நான்.

"பின்னாடி கட்டை போட்ட பையன் ஒருத்தன் இருந்தான். புதுசு. ஒரே ஒரு தடவ தான் அப்படிப் போட்டான்" என்று நிறுத்தினார். "என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணும் ஆகல. பம்பர் வெளிய போய் நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடல."

ஒட்டியிருந்த கட்டையை அவரே நகத்தால் பெயர்த்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். கண் சரியாகத் தெரியாததால் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நான் அதைச் சரி செய்யவில்லை.

சாலைகளை அகலப்படுத்தினது நல்லதுதான். மலையில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியும் காலேஜும் பக்கத்தில் வந்திருக்கின்றன. பழைய வளைவு திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அது எத்தனை மீட்டர் இருந்தது என்பது, அதில் ஸ்டியரிங் பிடித்த கைகளுக்குத்தான் தெரியும். அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மாதிரி செய்கிறீர்களோ இல்லையோ, எந்த வளைவில் எத்தனை ரிவர்ஸ் என்று மட்டும் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். மிச்சத்தைக் கணக்கில் எடுத்துவிடலாம்.