படக் கடவுக்குறியும் அயலார் கண்ணும்

கற்ற சொல்லை மறப்பினும் கண்ட உருவத்தை மனிதர் எளிதில் மறப்பதில்லை. இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டே, சொல்லுக்குப் பதிலாகப் படத்தைத் திறவுகோலாக்கும் முறை தோன்றிற்று. படமொன்றில் முன்னரே குறித்துக்கொண்ட இடங்களை உரிய ஒழுங்கில் தொடுவார்க்கு வழிவிடும் அமைப்புக்குக் கிரெக் பிளொண்டர் என்பார் 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். இன்று கைத்தொலைபேசிகளிற் காணப்படும் ஒன்பது புள்ளிக் கோலமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆயின், நினைவுக்கு எளியது அயலார் கண்ணுக்கும் எளியதாகின்றது. மாலை வேளையிற் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பஸ் வண்டியில் நெருங்கி நிற்போர், முன்னிற்பவரின் தோளுக்கு மேலாக அவர் கைத்தொலைபேசியைக் காண்பது அரிதன்று. ஒன்பது புள்ளிகளால் அமையத்தக்க கோலங்கள் 389,112 ஆகும். ஊகித்தறிய முயல்வோனுக்கு இத்தொகை தடையாகலாம். கண்டறிந்தவனுக்கோ அது தடையன்று. அமெரிக்காவில் 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், ஆறு புள்ளிக் கோலத்தை ஒருமுறை பார்த்து மீள வரைய முயன்றபோது நூற்றுக்கு 64 முயற்சிகள் வெற்றியடைந்தன. விரல் செல்லும் கோட்டைத் திரையிற் காட்டாது மறைத்தபோது அது 35 ஆகக் குறைந்தது. ஆறு இலக்க எண்ணைப் பொறுத்தவரை வெற்றி ஏறத்தாழ 11 மட்டுமே. கோலம் ஒரே தொடர்ச்சியான உருவமாக மனத்திற் பதிகின்றது. இலக்கங்களோ தனித்தனியே தோன்றி மறைகின்றன.

இக்குறையை நீக்கும் வழியொன்றை ஆய்வாளர் சிலர் 2006 ஆம் ஆண்டில் விளக்கினர். திரையிற் பல சிறுபடங்கள் கலந்து தோன்றும். உரியவர் தம் படங்கள் மூன்றினை மனத்தால் இணைத்து, அவ்வாறு அமையும் முக்கோணியின் உள்ளே ஏதேனும் ஓரிடத்தைத் தொடுவார். தம் படங்களைத் தொடவே மாட்டார். ஒவ்வொரு முறையும் படங்கள் இடம் மாறும். ஆதலின், பார்ப்பவன் விரலைக் காண்பானேயன்றி இரகசியத்தைக் காணான். தற்செயலாய்த் தொட்டு நுழைதலைத் தடுக்க இதனைப் பலமுறை செய்தல் வேண்டும். அதனால் நுழைவதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாயிற்று. அன்றாடப் பயனுக்கு இத்தாமதம் பெருந்தடையாகும்.

வங்கிச் சேமிப்பும் அந்தரங்கக் கடிதங்களும் கைத்தொலைபேசியினுள்ளேயே அடங்கும் இந்நாளில், கோலத்தின் கோட்டை மறைத்தலும் நெரிசலில் ஆறு இலக்க எண்ணை நாடுதலும் எவரும் இன்றே கைக்கொள்ளத்தக்க காவலாம். நிலையான தீர்வோ, இரகசியத்தை வெளிக்காட்டாமலே அதனை அறிந்திருத்தலை மெய்ப்பிக்கும் நெறியினை விரைவுடையதாக்குவதிலேயே தங்கியுள்ளது.