அயல்நாட்டு நன்கொடையும் கணக்குச் சுமையும்

அயல்நாட்டிலிருந்து நன்கொடை பெற்று இந்தியாவில் பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்றவற்றை நடத்தும் அறக்கட்டளைகளும் சங்கங்களும், எஃப்.சி.ஆர்.ஏ. என்று சுருக்கி வழங்கப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவையோ முன் அனுமதியையோ பெற்றாக வேண்டும். அயல்நாட்டுப் பணம் தேர்தலிலும் அரசியலிலும் புகுந்துவிடாமல் தடுப்பதற்காக நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் இயற்றப்பட்ட இச்சட்டம், 2010-இல் புதிதாக எழுதப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. பதிவு ஐந்தாண்டுகளுக்கே செல்லும்.

2020 திருத்தத்தின்படி, நிறுவனம் கன்னியாகுமரியில் இருந்தாலும் அதற்குரிய நன்கொடை புதுதில்லி சன்சத் மார்க்கில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே உள்ளூர்க் கணக்குக்கு மாற முடியும். பெற்ற பணத்தை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் தடை விதிக்கப்பட்டதால், நன்கொடையாளரை நேரில் அணுகும் வசதியற்ற சிற்றூர்க் குழுக்களுக்குப் பெரிய நிறுவனங்கள் வழியாக நிதி கிடைத்துவந்த பாதை அடைபட்டது. இத்திருத்தத்தின் மிகக் கடுமையான விளைவு இதுவே.

நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்சி-4 என்னும் ஆண்டறிக்கையைப் பட்டயக் கணக்காளர் சான்றளித்த வரவு செலவுக் கணக்குடன் இணையவழியே தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்கூட வராத ஆண்டுக்கும் ‘வரவு இல்லை’ என்று அறிக்கை தர வேண்டும். அறத்துக்கென வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறையே. கொடுத்தவருக்கும் பயன்பெற வேண்டியவருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆனால் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு அந்தக் கணக்கோடு முரண்படுகிறது. முன்பு நன்கொடையில் 50 விழுக்காடாக இருந்த அவ்வரம்பு, 2020-இல் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் ஆகியோரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. அலுவலக வாடகை, தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றோடு, கணக்கு எழுதுவதற்கும் அறிக்கை தயாரித்துத் தாக்கல் செய்வதற்கும் ஆகும் செலவு சேரும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் பெறும் ஒரு சிறிய பள்ளி இவை அனைத்தையும் 1 லட்சத்துக்குள் முடித்தாக வேண்டும். கோடிக்கணக்கில் பெறும் நிறுவனமும் நிரப்புவது அதே எஃப்சி-4 படிவத்தைத்தான். கணக்கைக் கேட்கும் சட்டமே கணக்கு எழுதும் கைக்குரிய கூலியைக் குறுக்குவது நியாயமன்று.

அயல்நாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் முழுமுற்றான உரிமையாகாது என்று கூறி, 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் 2020 திருத்தங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிர்வாகிகள் ஆதாருக்கு மாற்றாகக் கடவுச்சீட்டைத் தரலாம் என்ற அளவில் மட்டும் தளர்வு கிடைத்தது. எனவே, வரவின் அளவுக்கேற்ப வரம்பையும் அறிக்கை முறையையும் வகைப்படுத்தி, சிறு நிறுவனங்களின் கணக்குச் செலவை அந்த 20 விழுக்காட்டிலிருந்து விலக்கும் திருத்தத்தை நாடாளுமன்றமே கொண்டுவர வேண்டும்.