சின்ன ஸ்குரூவுக்கு என்று ஒரு ஸ்குரூ டிரைவர்



இன்றைக்குப் போன் இல்லாத லயத்தைப் பார்க்க முடியாது. அம்மா மத்திய கிழக்கிலே, அப்பா கொழும்பிலே, பிள்ளைகள் பாட்டியோட லயத்திலே என்று இருக்கிற குடும்பங்களுக்கு அந்த ஒரு போன்தான் வீட்டையே சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகளின் பாடமும் அதற்குள்ளேதான் வந்தது. அந்தப் போன் பழுதானால் டவுனுக்குக் கொண்டுபோக ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும், கடைக்காரர் கேட்கிற கூலியும் போகும். அதனால்தான் வீட்டில் இருக்கிற பொடியன் ஒருத்தன், "நானே கழற்றிப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்து விடுகிறான். அப்படி உட்காருவதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கையில் எதை எடுத்துக்கொண்டு உட்காருகிறான் என்பதுதான் விஷயம்.

கத்தி முனை, கத்தரிக்கோல், ஊசி, கதவுப் பிணைச்சல் பூட்டுகிற பெரிய திருப்புளி, இவைதான் பெரும்பாலும் கையில் இருக்கும். போனுக்குள் இருக்கிற ஸ்குரூவின் தண்டு ஒன்றரை மில்லிமீற்றர் பருமன்கூட இருக்காது. அதன் தலையில் இருக்கிற பள்ளமும் மிகச் சின்னதுதான். அதற்குள் பொருந்தாத இரும்பை வைத்து முறுக்கினால் பள்ளத்தின் ஓரம் மழுங்கிவிடும். மழுங்கிய பிறகு சரியான டிரைவர் கிடைத்தாலும் பிடிக்காது. கடையில் முப்பது நிமிஷத்தில் முடிகிற வேலை, ஸ்குரூத் தலையைத் துளைத்து எடுக்கிற வேலையாக மாறிவிடும். கை வழுக்கி முனை பெட்டரியில் குத்தினால் அதைவிட மோசம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இந்த மாதிரி வேலைக்கென்றே இருப்பதுதான் நுண் ஸ்குரூ டிரைவர். மணிக்கூடு திருத்துகிறவரிடம் பார்த்திருப்பீர்கள். பென்சில் மாதிரி மெல்லியதாக இருக்கும், தலைப்பக்கம் தனியாகச் சுழலுகிற ஒரு மூடி இருக்கும். அந்த மூடி அழகுக்காக வைத்தது இல்லை. ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்து நேராக அழுத்த வேண்டும். பெருவிரலாலும் நடுவிரலாலும் தண்டைப் பிடித்துத் திருப்ப வேண்டும். மூடி நிற்கும், தண்டு சுற்றும், அழுத்தம் ஒரு நொடியும் விடாது. பெரிய டிரைவரைப் பிடிப்பதுபோல் இதை முழுக்கையால் பிடிக்கக் கூடாது, முறுக்கு கூடிப்போய் ஸ்குரூத் தலையே அறுந்துவிடும்.

கடைக்குப் போய் "ஸ்டார் டிரைவர் தாங்க" என்று கேட்கிறோம் இல்லையா? அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம்ம ஊரில் ஸ்டார் என்று சொல்வது பெரும்பாலும் கூட்டல் குறி போட்ட டிரைவரைத்தான். அதன் உண்மைப் பெயர் பிலிப்ஸ். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார் செய்கிற தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொண்டதும் உலகம் முழுக்கப் பரவியது. நிஜமாகவே நட்சத்திரம் மாதிரி ஆறு முனை உள்ளது வேறு, அதன் பெயர் டோர்க்ஸ். 1967 இல் அமெரிக்கக் கம்பனி ஒன்று கொண்டுவந்தது. பழைய நோக்கியா பொத்தான் போன்கள் பலவற்றில் டோர்க்ஸ்தான் இருக்கும். ஐபோனின் அடிப்பக்கத்தில் இருக்கிற இரண்டு ஸ்குரூவும் ஐந்து இதழ் பூ மாதிரி இருக்கும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். ஆகவே கடையில் கேட்கும்போது கூட்டல் குறியா, ஆறு முனையா, ஐந்து இதழா என்று சொல்லிக் கேளுங்கள். போனையே கையோடு கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

அளவு பார்ப்பதும் ஒரு வேடிக்கைதான். கூட்டல் குறி டிரைவரின் தண்டில் பீஎச் என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். பீஎச் 2 என்பது கதவு, அலுமாரிக்குப் போடுகிறது. பீஎச் 1, பீஎச் 0 ரேடியோ, விளையாட்டுச் சாமான், ரிமோட் போன்றவற்றுக்கு. அதற்குக் கீழே பீஎச் 00, பீஎச் 000 என்று போகும். பூச்சியம் கூடக்கூட முனை சின்னதாகிறது என்று ஞாபகம் வையுங்கள். போனுக்குள் பெரும்பாலும் வேலை செய்வது இந்த இரண்டும்தான். தட்டை முனைக்கு எழுத்து கிடையாது, அகலத்தை மில்லிமீற்றரில் போட்டிருப்பார்கள். தட்டை முனை ஸ்குரூவின் வெட்டுக்குள் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை நிறைந்து நிற்க வேண்டும். பாதி வெட்டில் நின்றால் அது சரியான அளவு இல்லை.

கூட்டல் குறிப் பள்ளத்தின் சுவர் நேராக இறங்காது, சரிவாக இறங்கும். அதனால் நாம் முறுக்குகிற பலத்தில் ஒரு பங்கு டிரைவரை மேலே தள்ளிவிடப் பார்க்கும். முனை எகிறி எகிறி "டக் டக்" என்று சத்தம் வருவது இதனால்தான். அப்படி ஒரு தடவை எகிறும்போதே பள்ளம் கொஞ்சம் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு மருந்து அழுத்தம். உங்கள் பலத்தைப் பத்தாகப் பிரித்தால் ஏழு பங்கு கீழே அழுத்தவும் மூன்று பங்கு மட்டும் திருப்பவும் செலவாக வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழுத்துவது மூன்று, முறுக்குவது ஏழு.

ஜப்பான்காரர் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். நம்ம வீடுகளில் இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிற பழைய ஜப்பான் ரேடியோ, கெசட் செட் எல்லாவற்றிலும் கூட்டல் குறி ஸ்குரூதான் இருக்கிறது. ஆனால் அது சரியாகப் பிலிப்ஸ் இல்லை. ஜப்பானுக்கென்று தனி அளவுத்திட்டம் இருந்தது, அதில் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் அந்தரத்தில் நிற்கும், லேசாக ஆடும். ஜப்பான் அளவு டிரைவர் இருந்தால் இரண்டுக்கும் போடலாம். சில ஸ்குரூவின் தலையில் ஒரு சின்னப் புள்ளிக் குழி இருக்கும், அதுதான் ஜப்பான் அளவு என்பதற்கு அடையாளம். அந்த டிரைவர் கிடைக்காவிட்டால், கையில் இருக்கிற முனைகளை ஒவ்வொன்றாக வைத்து எது ஆடாமல் நிற்கிறதோ அதை எடுங்கள். சின்ன முனையில் தொடங்கிப் பெரியதுக்குப் போகாதீர்கள். பெரியதில் தொடங்கிக் கீழே வாருங்கள். சின்ன முனை பெரிய பள்ளத்துக்குள் சுலபமாக இறங்கி நம்மை ஏமாற்றிவிடும்.

சரி, ஸ்குரூ ஏற்கனவே மழுங்கிவிட்டது, என்ன செய்வது? அகலமான ரப்பர் பட்டி ஒன்றைத் தலைமேல் விரித்து அதன் மேல் டிரைவரை வைத்து நன்றாக அழுத்தி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சில நேரம் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அதோடு விட்டுவிட்டுக் கடைக்குக் கொடுங்கள், மேலும் மேலும் திருப்பினால் அவருக்கும் வேலை கூடும், உங்களுக்கும் கூலி கூடும்.

பிளாஸ்டிக் உடம்புக்குள் போகிற ஸ்குரூ தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு போயிருக்கும். திரும்பப் பூட்டும்போது நேரே முறுக்கினால் பழைய மரைக்குப் பக்கத்தில் புது மரை வெட்டும். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் ஓட்டை பெரிதாகி ஸ்குரூ சும்மா சுற்றும். ஸ்குரூவை வைத்து முதலில் கழற்றுகிற பக்கமாக, அதாவது இடப்பக்கமாக, மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் "சொட்" என்று சின்னதாக இறங்கும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெயில் போவதுபோல் போகும். ஸ்குரூ நின்றதும் நீங்களும் நின்றுவிடுங்கள், இன்னும் ஒரு சுற்று இறுக்கலாமே என்று பார்க்க வேண்டாம்.

போனுக்குள் எல்லா ஸ்குரூவும் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையானதின் ஓட்டையில் போட்டு இறுக்கினால் அது அடியில் இருக்கிற பலகைச் சுற்றைக் குத்திவிடும். ஐபோன் பல இப்படித்தான் செத்துப் போயிருக்கின்றன. ஒரு அட்டையில் போனின் படத்தைக் கீறி, எந்த இடத்து ஸ்குரூவை எடுத்தீர்களோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்தால் விழுந்த ஸ்குரூ உருண்டு ஓடாது. சிமெந்துத் தரையில் விழுந்துவிட்டால் டோர்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், ஸ்குரூவின் நிழல் நீளமாக விழுந்து காட்டிக் கொடுக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் டிரைவர் முனையை ஒரே பக்கமாகப் பத்திருபது தடவை இழுத்தால் அதற்கும் காந்தம் ஏறும், ஸ்குரூ தானாக ஒட்டிக்கொண்டு வரும்.

இனி ஆபத்தான விஷயம். தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நுண் ஸ்குரூ டிரைவர் பலவற்றின் கைப்பிடி வெறும் இரும்பு. கரண்ட் ஓடுகிற எதற்குள்ளும் அதை விடக் கூடாது. நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவரில் குத்திச் சார்ஜ் போடுகிற மலிவான டோர்ச் லைட் பலவற்றில் டிரான்ஸ்போமர் கிடையாது, உள்ளே இருக்கிற கம்பி நேரே சுவர் மின்சாரத்தோடு தொடர்பாக இருக்கும். சார்ஜில் இருக்கும்போது அதைத் திறந்து தொட்டால் உயிர் போகலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில சாமானில் மின்சாரம் தங்கி நிற்கும். நுளம்பு அடிக்கிற பெட் அப்படித்தான். பழைய பெட்டி டீவி அதைவிடப் பொல்லாதது. நிறப் படம் காட்டுகிற பெட்டி டீவியின் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி இருக்கும், நிறுத்தி வைத்த பிறகும் அதில் மிச்சம் இருக்கலாம். அதன் பின்மூடியை வீட்டில் கழற்றவே வேண்டாம்.

போன் பெட்டரியும் அப்படியே. வீங்கிய பெட்டரியை டிரைவரால் நெம்பி எடுக்கப் பார்த்தால் ஓட்டை விழும், புகை வரும், தீப்பிடிக்கும். பலகைக் கூரையும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவும் உள்ள லயத்தில் அந்தத் தீ ஒரு வீட்டோடு நிற்காது. பெட்டரி வீங்கி போன் மூடி எழும்பி இருந்தால் சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வாங்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளாஸ்டிக் பெட்டியில் ஆறு டிரைவர் சேர்ந்து வருகிற செட்டில் பெரும்பாலும் நாலு தட்டை, இரண்டு கூட்டல் குறி இருக்கும். ரேடியோவுக்கும் கைமணிக்கூட்டுக்கும் போதும், போனுக்குப் போதாது. தண்டில் குரோம் வனேடியம் என்றோ எஸ்2 என்றோ அடித்திருந்தால் உருக்கு உறுதியானது என்று சொல்கிறார்கள், ஆனால் அடித்ததெல்லாம் உண்மை என்று நம்பவும் முடியாது. மலிவான செட்டின் முனை நாலாவது ஸ்குரூவிலேயே முறுகிவிடும். இருபது முனை உள்ள மலிவுச் செட்டைவிட பீஎச் 00, பீஎச் 000, ஒரு தட்டை என்று மூன்று நல்லதை வாங்குவது எங்கள் பார்வையில் புத்திசாலித்தனம். லயத்தில் நாலு வீடு சேர்ந்து வாங்கினால் செலவும் தெரியாது.

நம்ம மலையின் பனியிலும் மழையிலும் இரும்பு சீக்கிரம் துருவேறும். தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துணியைத் தொட்டு முனைகளைத் துடைத்து பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும், நுவரெலியாவில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடுகிறது என்று உங்களுக்கே தெரியும். நாளானால் பிசினாகவும் ஒட்டும்.

கை பழகிய பிள்ளைகள் இதைத் தொழிலாகவும் எடுக்கலாம். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் என்.வீ.கியூ. என்கிற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கான பயிற்சிகள் இருக்கின்றன. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களையும் செய்முறையில் சோதித்து அந்தச் சான்றிதழ் கொடுக்கிற வழியும் உண்டு. மின்னணுச் சாமான் திருத்துகிற பயிற்சி எந்த நிலையத்தில், எப்போது தொடங்குகிறது என்று உங்கள் மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது திருத்திப் பழகிய சாமான் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.