தொட்டிலில் இருந்து தரைப் படுக்கைக்கு மாறும் குழந்தை.. எப்போது மாற்றலாம்? எதையெல்லாம் கவனிக்கணும்?

நடுராத்திரியில் 'தொப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வீறிட்டு அழுகை. பதறியடித்து எழுந்து லைட்டைப் போட்டால், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தரையில் கிடக்கிறது. "இனிமே தொட்டிலே வேண்டாம், கீழயே படுக்க வைப்போம்" என்ற முடிவு பல வீடுகளில் இப்படித்தான் எடுக்கப்படுகிறது. ஆனால், குழந்தை விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எப்போது மாற்றலாம், அதற்கு முன் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எப்போது மாற்றுவது?

பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயது முதல் மூன்று வயதுக்குள் தொட்டிலை விட்டு மாறிவிடுகிறார்கள். ஆனால், வயதை விட குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். தடுப்பு வைத்த தொட்டில் என்றால், அதன் மேல் காலைத் தூக்கிப் போட முயன்றாலே நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தையின் உயரம் சுமார் 89 சென்டிமீட்டரை எட்டிவிட்டாலோ, எழுந்து நிற்கும்போது தடுப்பு அதன் மார்பளவுக்கு வந்துவிட்டாலோ தொட்டிலை விட்டுவிட வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு.

நம்மூர் சேலைத் தூளிக்கு இவ்வளவு நாள் கூட கிடையாது. குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கினாலே, எட்டிப் பார்த்துத் தலைகீழாகக் கவிழும் ஆபத்து இருக்கிறது. தரைக்கு மாற்றிய பிறகு, "விளையாடட்டும்" என்று தூளியை அப்படியே தொங்க விடவும் கூடாது. சேலையில் ஊஞ்சல் ஆடும்போது கழுத்து இறுகி குழந்தைகள் உயிரிழந்த செய்திகள் தமிழகத்தில் அவ்வப்போது வருகின்றன. மாற்றிய அன்றே அவிழ்த்து மடித்து வைத்துவிடுவதுதான் நல்லது.

தரைப் படுக்கை புதுசா?

சமூக வலைதளங்களில் 'ஃப்ளோர் பெட்' என்ற பெயரில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்தால் புது ஃபேஷன் போலத் தெரியும். பாய் விரித்துப் படுத்துப் பழகிய நமக்கு இது பழைய கதைதான். குழந்தை தானாகப் படுக்கவும் தானாக எழுந்து வரவும் முடிய வேண்டும் என்பதே இதன் பின்னால் உள்ள யோசனை. இதை வலியுறுத்தியவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், கொடைக்கானலிலும் சில காலம் தங்கியிருந்தார்.

முதலில் அறையைத் தயார் செய்யுங்கள்

தொட்டிலில் இருக்கும் வரை குழந்தையைத் தடுப்பு பார்த்துக்கொள்ளும். தரைக்கு வந்துவிட்டால், நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் அந்த அறை முழுவதும் குழந்தையின் கைக்கு எட்டும். அதனால், படுக்கை வாங்குவதற்கு முன்பே அறையைச் சரி செய்ய வேண்டும். குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டு ஒருமுறை அறையைச் சுற்றிப் பாருங்கள், பல விஷயங்கள் கண்ணில் படும்.

* பீரோ, டிவி, அலமாரி போன்றவற்றைச் சுவரோடு சேர்த்து இறுக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து படி போல ஏறும்போது அவை குழந்தை மேலேயே சாயலாம்.
* கீழே இருக்கும் பிளக் பாயிண்ட்களுக்கு மூடி போடுங்கள். செல்போன் சார்ஜரை இரவில் மாட்டியே வைக்காதீர்கள்.
* கொசுவிரட்டி லிக்விட், மாத்திரை, தைலம், ரிமோட்டில் போடும் பட்டன் பேட்டரி எல்லாம் மேலே போக வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.
* பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் அவசியம். நிரம்பிய பக்கெட் ஒன்றே போதும், சின்னக் குழந்தை மூழ்கிவிடும்.
* மாடிப்படி, பால்கனி பக்கம் போக முடியாதபடி தடுப்பு வையுங்கள்.

மெத்தை எப்படி இருக்கணும்?

நாலு முதல் ஆறு இன்ச் உயரம், அழுத்தினால் அமுங்கிப் போகாத கெட்டியான மெத்தை போதும். சுவரை ஒட்டிப் போட்டால் நடுவில் இடுக்கு இருக்கக் கூடாது, குழந்தை உருண்டு அதில் சிக்கிக்கொள்ளும். இடுக்கு வருகிறது என்றால் சுவரில் இருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். தினமும் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

இவை எல்லாம் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குத்தான். ஒரு வயதுக்குள் என்றால் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பாம்பு, பூச்சி பயம் இருக்கும் இடங்களில்..

வயல், தோட்டம், புதர் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். எனவே, இப்படிப்பட்ட இடங்களில் உயரம் குறைந்த கட்டிலில் பக்கத்தடுப்பு வைத்துப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தரைதான் வழி என்றால், கொசுவலை கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இடுக்கில்லாமல் செருக வேண்டும். திடீர் வயிற்று வலி, இமை தொங்குவது, மூச்சுத் திணறல் இருந்தால் கட்டுப் போடுவது, கீறுவது என்று நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் சில ராத்திரிகள்

புது இடம், புது சுதந்திரம். குழந்தை பத்து தடவை எழுந்து வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் அதட்டாமல், பேச்சை வளர்க்காமல், "தூங்குற நேரம் கண்ணு" என்று சொல்லித் திரும்ப அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள். முதலில் பகல் தூக்கத்தைத் தரைக்கு மாற்றினால் பழகுவது சுலபம். பழைய போர்வையையே கொடுங்கள், கதை, தாலாட்டு எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது என்றால், சில வாரங்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். "என் தொட்டிலைப் புடுங்கிட்டாங்க" என்ற ஏக்கம் வராது.

1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில வாரங்கள் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை, தொட்டிலில் ஏறிக் குதிக்கவும் இல்லை என்றால், மறுபடி தொட்டிலுக்கே கொண்டுபோவதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மாறிவிட்டதே என்று அவசரப்பட வேண்டாம்.

ஒருவேளை மாற்றுவதற்கு முன்பே தொட்டிலில் இருந்து விழுந்துவிட்டால்? அழுது முடித்து வழக்கம்போல விளையாடினாலும் ஒரு நாள் கண்காணியுங்கள். மயக்கம், தொடர் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.