பூங்காவின் சாவி யாரிடம்?

விடிகாலை நாலே முக்கால். எங்கள் தெருமுனைப் பூங்காவின் கேட்டில் பூட்டு தொங்குகிறது. நான் உள்ளே நிற்கிறேன்! இத்தனை வருஷமாகச் சுற்றிச் சுற்றி நடந்த இடம்தான். கூட்டம் வருவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது. காவலாளி அண்ணனிடம் ஒரு வாரம் நச்சரித்து வாங்கிய அனுமதி.

"ஓரமா நில்லுங்க சார், தண்ணி அடிக்கும்" என்கிறார் தோட்ட வேலை பார்க்கும் அக்கா. ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைக்கிறார். தண்ணீர் விசிறியாக விரிந்து செம்பருத்தியின் தூசியைக் கழுவுகிறது. எட்டு வடிவ நடைபாதைப் பக்கம் மட்டும் பைப் திரும்பவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அங்க ஈரம் இருந்தா பெரியவங்க வழுக்கிடுவாங்க இல்ல?" தினமும் எட்டு போடும் எனக்கு இது இத்தனை நாள் தெரியாது!

மூலையில் உரக்குழி. நேற்று உதிர்ந்த சருகு மேலே, பழையது அடியில். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது, முதல் மழை மண் வாசனையோடு!

அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பவர் காண்டிராக்டர். காண்டிராக்டருக்கு டெண்டர் விட்டது மாநகராட்சியின் பூங்காத் துறை. சரி, இந்த நிலம்? அங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. பெரிய மனைப்பிரிவு போடுபவர், 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விட்டே ஆக வேண்டும். ஏக்கருக்குப் பத்து சென்ட்! அதைக் காசு வாங்காமல் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வது இதைத்தான். எங்கள் பூங்கா அப்படி வந்ததுதான். நாம் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தானப் பத்திரம் இருக்கிறது!

இந்த ஜாதகம் தெரிந்ததும் சென்னையிலுள்ள மற்றப் பூங்காக்களின் ஜாதகத்தையும் தேட ஆரம்பித்துவிட்டேன். கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்கா மாநகராட்சியுடையது இல்லை, தோட்டக்கலைத் துறையுடையது. கிண்டி சிறுவர் பூங்கா வனத்துறை. சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவைப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? மீன்வளத் துறை! மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா இன்னும் அழகு. ஒரு காலத்தில் குட்டையாகக் கிடந்த இடம், அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயர் தாங்கியது, நிலம் மாநகராட்சியுடையது, பராமரிப்பைப் பல வருஷமாக ஏற்றுச் செய்வது சுந்தரம் பைனான்ஸ். நிலத்தைக் கொடுத்துவிடாமல், பராமரிக்கும் பொறுப்பை மட்டும் தத்து கொடுக்கும் ஏற்பாடு இது. ஊரெங்கும் வர வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த இடத்தில் யாரும் கடை கட்டிவிடக் கூடாது என்று 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். காகிதத்தில் காவல் பலமாகத்தான் இருக்கிறது. தரையில் காவல் காப்பது அந்த அக்காவும் அண்ணனும்தான். ஆளுக்கொரு விளக்குமாறு, ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான்.

கேட் திறந்ததும் முதல் ஆளாக வந்த தாத்தா நேரே எட்டுப் பாதைக்குப் போனார். பாதை துளி ஈரமில்லாமல் இருந்தது.

நாளைக் காலை உங்கள் பூங்காவுக்குள் நுழையும்போது வாசல் பலகையை நின்று படியுங்கள். எந்தத் துறை என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சென்னை மாநகராட்சி என்றிருந்தால், விளக்கு எரியவில்லை, ஊஞ்சல் உடைந்தது என்று சொல்ல வேண்டிய எண் 1913. அப்படியே தோட்டத்து அக்காவின் பெயரையும் கேட்டு வையுங்கள்.