மலையருவியும் இலையுதிர்கால நிறங்களும்: புகைப்படக் கலையின் அறிவியல்

காஷ்மீரில் அக்டோபர் மாதம் பிறந்ததும் மரங்களின் தோற்றம் மாறத் தொடங்குகிறது. அந்நாட்டார் ‘ஹரூத்’ என வழங்கும் இலையுதிர் காலம் அது. உயர்ந்த மலைச் சரிவுகளில் வளரும் பூர்ச்ச மரங்கள் முதலில் பொன்னிறம் கொள்கின்றன. பின்னர் ஊர்களைச் சூழ்ந்த பாப்ளர், வில்லோ, அக்ரோட்டு மரங்கள் மஞ்சளாகின்றன. கடைசியாக, அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், பள்ளத்தாக்கின் தரையில் நிற்கும் சினார் மரங்கள் செம்பழுப்பு நிறம் பூண்டு இலைகளை உதிர்க்கின்றன. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கி, குளிர்காலத்தில் காங்ரி என்னும் கணப்புச் சட்டியில் இடுவதற்கென மக்கள் சேர்த்து வைக்கின்றனர்.

பீர் பஞ்சால் மலைத்தொடரின் அடிவாரத்தில், குல்காம் மாவட்டத்தில் உள்ளது அஹர்பால் அருவி. ஜீலம் நதியின் கிளையாகிய வேஷவ் ஆறு இங்கே ஒடுங்கிய பாறை இடுக்கின் வழியே சுமார் 25 மீட்டர் வீழ்கிறது. அருவியைக் கண்டபின் ஊசியிலைக் காட்டின் ஊடே மேலேறி, குங்வத்தன் புல்வெளியை அடைந்து, மாலைக்குள் திரும்பிவிடலாம். இத்தகைய ஒருநாள் நடையில் அருவியையும் இலைநிறங்களையும் ஒருங்கே படம் பிடிக்க விழைவோர் பலர். ஆனால் திரும்பி வந்து பார்க்குங்கால், அருவி சாம்பல் பூத்தும் இலைகள் வெளிறியும் காணப்படுவதுண்டு. இது பெரும்பாலும் காமிராவின் குறையன்று. நீரும் இலையும் ஒளியிடத்து நடந்துகொள்ளும் முறை வெவ்வேறாதலே இதற்குக் காரணம்.

நீரின் வேகமும் ஷட்டரின் காலமும்

25 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், காற்றின் எதிர்ப்பைக் கணக்கிற் கொள்ளாவிடில், அடியை அடையும்போது வினாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகம் பெறும். காமிராவின் ஷட்டர் 1/1000 வினாடி மட்டுமே திறந்திருப்பின், அதற்குள் நீர்த்துளி 2 சென்டிமீட்டரளவே நகரும். ஆகவே துளிகள் தனித்தனியே உறைந்தாற்போல் பதியும். 1/2 வினாடி திறந்திருப்பின் அதே துளி பல மீட்டர் தொலைவு கடந்துவிடும். அப்போது படத்தில் துளி தோன்றாது, அதன் பாதையே வெண்பட்டு இழைபோல் தோன்றும். இவ்விரண்டில் ஒன்று மெய், மற்றது பொய் எனக் கொள்ளலாகாது. முன்னது நீரின் வேகத்தையும் பின்னது அதன் போக்கையும் காட்டுகின்றன.

இலையுதிர் காலத்தில் பனி உருகிவரும் நீர் குறைந்துவிடுவதால் அருவி கோடையின் தொடக்கத்தில் இருப்பதைவிட மெலிந்திருக்கும். மெலிந்த நீருக்கு 1/4 முதல் 1 வினாடி வரை ஏற்றது. நீர் மிகுந்திருக்கையில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் இழைகள் ஒன்றோடொன்று கலந்து, வடிவமற்ற வெண்திரையாகிவிடும்.

காட்டு நிழலில், ஐ.எஸ்.ஓ. 100 என்ற உணர்திறனில், எப்/11 துளையளவுக்கு 1/8 வினாடி போதுமானதாக இருக்கக் கூடும். வெயிலில் அதே துளையளவுக்கு 1/250 வினாடியே போதும். ஆதலின் அருவியைப் பட்டிழையாகக் காட்ட விரும்புவோர் நிழலையோ மேகம் மூடிய வானத்தையோ நாடுதல் வேண்டும். அல்லது ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்துதல் வேண்டும். துளையை எப்/22 வரை சுருக்குவதும் ஒரு வழியே. எனினும் மிகச் சிறிய துளையில் ஒளியலைகள் விளிம்பில் வளைந்து பரவுவதால் படத்தின் கூர்மை குன்றும். இவ்வளவு நீண்ட காலத்திற்குக் காமிராவைக் கையால் அசையாது பிடித்தல் இயலாது, முக்காலி இன்றியமையாதது.

வெண்மை சாம்பலாவது ஏன்?

நீர் நிறமற்றது, அருவியோ வெண்மையானது. விழும் நீரில் எண்ணற்ற துளிகளும் காற்றுக் குமிழ்களும் உண்டாகின்றன. அவற்றின் பரப்புகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதே வெண்மைக்குக் காரணம். காமிராவிலுள்ள ஒளிமானி இதனை அறியாது. தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்னும் அனுமானத்தின் மேல் அது ஒளியளவைக் கணிக்கிறது. ஆகவே படம் முழுவதும் வெண்ணீரே நிறைந்திருப்பின், ஒளியைக் குறைத்து அதனைச் சாம்பலாக்கிவிடும். அங்கே மானி காட்டுவதைவிட ஏறத்தாழ இருமடங்கு ஒளி அளித்தல் நலம். மாறாக, கருமையான காட்டின் நடுவே அருவி ஒரு கீற்றாகத் தோன்றின், மானி கருமையை வெளுக்கச் செய்ய முயன்று, நீரின் நுட்பமெல்லாம் அழியுமளவு ஒளியை மிகுத்துவிடும். அங்கே ஒளியைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். மின்னணுக் காமிராவில் அளவுகடந்து வெளுத்துப்போன பகுதியைப் பின்னர் மீட்க இயலாது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இலையின் நிறமும் அதன் பளபளப்பும்

கோடையில் இலையின் பச்சையம் மற்ற நிறமிகளை மறைத்து நிற்கிறது. பகல் குறுகிக் குளிர் மிகும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள நைட்ரஜன் முதலிய சத்துகளைத் தண்டினுள் ஈர்த்துக்கொள்கிறது. முன்னரே இலையிலிருந்த கரோட்டினாய்டுகள் அப்போது மஞ்சளாக வெளிப்படுகின்றன. சில மரங்களில் ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி புதிதாகவே உண்டாக்கப்படுகிறது. வெயில் நிறைந்த பகலும், உறைபனியளவு எட்டாத குளிரிரவும் அதற்கு உகந்தவை.

இவ்வளவு நிறமும் படத்தில் ஏன் வெளிறுகிறது? இலையின் மெழுகுப் பரப்பும் அதன் மேலுள்ள ஈரமும் வானொளியைக் கண்ணாடிபோல் திருப்பி வீசுகின்றன. அந்த வெண்ணொளி உள்ளிருந்து வரும் நிறத்தின் மேல் திரையிட்டுவிடுகிறது. இவ்வாறு திரும்பும் ஒளி பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வது. இதன் விதியை 1815-ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ்டர் வகுத்தார். நீர்ப்பரப்பில் செங்குத்துக் கோட்டிற்குச் சுமார் 53 டிகிரி சாய்வில் இவ்விளைவு முழுமையாகிறது. ஆகவே ஒளியைத் தளப்படுத்தும் ‘போலராய்டு’ வகை வடிகட்டியை லென்ஸின் முன் மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் ஈரப்பாறையின் மினுக்கமும் இலையின் பளபளப்பும் பெரிதும் மறைந்து, நிறம் துலங்கும். அவ்வடிகட்டி ஒளியையும் மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றாகக் குறைப்பதால் அருவிக்கும் அது உதவுகிறது.

ஆயினும் ஒரு முரண்பாடு எஞ்சி நிற்கிறது. நீர் நீண்ட திறப்பை வேண்டுகிறது. காற்றில் அசையும் இலையோ குறுகிய திறப்பை வேண்டுகிறது. காற்று ஓயும் கணத்திற்குக் காத்திருத்தலே முதல் மருந்து. ஓயாவிடில் முக்காலியை அசைக்காமல் நீருக்கு ஒன்றும் இலைக்கு ஒன்றுமாக இரு படங்கள் எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம்.

சூரியனும் வானவில்லும்

தெளிந்த வானத்தின் கீழ் நிழல் நீலச் சாயலுடையது. அது மஞ்சள் இலையை மங்கச் செய்யும். காமிராவின் வெண்மைச் சமநிலையை ‘நிழல்’ என அமைப்பதால் இதனைத் திருத்தலாம். பிற்பகலில் இலைகளின் பின்னாலிருந்து சூரியன் ஒளிரும்போது, பரப்பில் திரும்பும் ஒளியன்றி இலையினூடே வடியும் ஒளியே லென்ஸை அடைகிறது. பாப்ளர் இலைகள் விளக்கேற்றியவைபோல் தோன்றுவது அப்போதுதான்.

அருவிச் சாரலில் வானவில்லைக் காண விழைவோர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்றல் வேண்டும். தம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 டிகிரி விலகி அது தோன்றும். அக்டோபர் இறுதியில் அஹர்பாலில் நண்பகற் சூரியன்கூட 42 முதல் 45 டிகிரி உயரத்திற்கு மேல் செல்வதில்லை. ஆதலின் பகலின் பெரும்பகுதியில், சாரலில் வெயில் படுமிடமெங்கும் வானவில்லுக்கு வாய்ப்புண்டு. தளப்படுத்தும் வடிகட்டியைத் தவறான நிலையில் வைத்தால் அவ்வில்லே மறைந்துவிடக் கூடும்.

பாதையும் பாதுகாப்பும்

சாரல் நனைத்த பாறை, பாசி படர்ந்து, காலுக்குப் பிடிப்புத் தராது. காமிராவின் திரையில் கண்ணைப் பதித்தவாறே பின்னோக்கி அடி வைத்தல் உயிருக்கே இடராகும். முக்காலியை நிறுத்திய இடத்திலேயே தாமும் நிற்பதும், இடம் மாற வேண்டின் காமிராவை மூடித் தோளிலிட்டுப் பின்னரே நடப்பதும் கடைப்பிடிக்கத்தக்க விதிகள். அக்காலத்தில் பகற்பொழுது சுமார் 11 மணி நேரமே. மலையிடுக்குகளில் அதற்கும் முன்னரே இருள் சூழும். ஆகவே திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன் முடிவு செய்து, எத்தகைய காட்சி எதிர்ப்படினும் அதனை மீறாதிருத்தல் வேண்டும். குளிரில் மின்கலத்தின் திறன் குறையுமாதலால் மாற்று மின்கலத்தை உட்சட்டைப் பையில் வைத்தல் நன்று.

இத்தகைய படங்கள் கண்ணுக்கு விருந்தாவதோடு அமைவனவல்ல. ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பின், அம்மரம் எப்போது நிறம் மாறுகிறது, எப்போது இலையுதிர்க்கிறது என்னும் வரலாறு உருவாகும். தட்பவெப்பம் மாறிவரும் இந்நாளில், பருவங்களின் போக்கை ஆராய்வோருக்கு இவ்வரலாறு மதிப்புள்ள சான்று. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நாள் தவறாத கவனமும், கண்டதைக் கண்டவாறே பதிவு செய்யும் நேர்மையும் போதும்.